ஃப்ரிஸ்கோவில் ஒருவர் கைதானால்: ஜெயில் பதிவையும் கைதுப் போட்டோவான மக்‌ஷாட்டையும் தேடிக் கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த போன் அது. "அண்ணா, இவர் இன்னும் வீட்டுக்கு வரலண்ணா. ஆபீஸ் பார்ட்டின்னு போனார். இவ்வளவு நேரம் ரிங் போச்சு, இப்ப சுவிட்ச் ஆஃப்னு வருது." பேசியது நண்பரின் மனைவி. பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஏற்கெனவே போன் போட்டுக் கேட்டுவிட்டார். மிச்சமிருந்த ஒரே சாத்தியத்தை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலின் தேடல் பக்கத்தில் நண்பர் பெயரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. கூகுளில் அடித்தேன். "இவருடைய கைது விவரம் கிடைத்தது, பார்க்கப் பணம் கட்டுங்கள்" என்று நாலைந்து பக்கங்கள் வந்தன. எதிலும் அவர் இல்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கண்டுபிடித்தோம். பதிவு அதற்கு முன்பே ஏறியிருந்தது. எங்கே, எந்தப் பெயரில் தேடுவது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு ராத்திரியை இன்னொரு வீடு கழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே இருக்கும் ஃப்ரிஸ்கோதான் எங்கள் ஊர். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர். நான் சொல்லும் வரிசை டெக்சஸின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். வேறு மாநிலமென்றால் சட்டம் மாறும். அதையும் இடையில் சொல்கிறேன்.

படி 1: எந்தக் கவுன்டி?

அமெரிக்காவில் கைதுப் பதிவு முழுவதும் ஒரே இடத்தில் இருக்காது. ஊர் போலீஸ் பிடிக்கும், கவுன்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் ஜெயிலில் வைத்திருப்பார், வழக்கு கவுன்டி நீதிமன்றத்தில் நடக்கும். மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு. இதில் நடுவில் இருக்கும் கவுன்டிதான் முக்கியம், ஏனென்றால் ஜெயிலும் கோர்ட்டும் அதன் கையில்தான்.

ஃப்ரிஸ்கோவின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊர் ஒன்று, கவுன்டி இரண்டு. கிழக்குப் பக்கம் காலின் கவுன்டி, அதன் தலைநகர் மெக்கின்னி. மேற்குப் பக்கம் டென்டன் கவுன்டி, அதன் தலைநகர் டென்டன். நீங்கள் குடியிருக்கும் வீடு எந்தக் கவுன்டி என்பது இங்கே கணக்கில்லை. சம்பவம் நடந்த இடம் எந்தக் கவுன்டி என்பதே கணக்கு. நான் அன்றைக்குச் செய்த முதல் தப்பு இது. நண்பர் வீடு காலின் பக்கம் இருந்ததால் காலினிலேயே தேடிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்தியதோ டென்டன் பக்கம். டாலஸ் நகரமும் இப்படிப் பல கவுன்டிகளில் பரந்து கிடக்கிறது. ஆகவே இரண்டு கவுன்டியின் பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு இரண்டிலும் தேடுங்கள். காலின், டென்டன் இரண்டிலுமே நீதிமன்றப் பதிவுகளை ஆன்லைனில் தேடும் பக்கத்தில் ஜெயில் பதிவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை. முகவரி அரசு முகவரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் தேடலின் உச்சியில் "விளம்பரம்" என்று வருவதைத் தொடவே வேண்டாம்.

படி 2: நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

கைதான நிமிடமே பெயர் கம்ப்யூட்டரில் வந்துவிடாது. ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ போன்ற ஊர்களில் போலீஸ் துறைக்கே சொந்தமாகச் சின்ன லாக்கப் உண்டு. ஆளை முதலில் அங்கே வைத்திருந்து, பிறகு கவுன்டி ஜெயிலுக்கு மாற்றுவார்கள். அந்த இடைவெளியில் கவுன்டி பக்கத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அந்த நேரத்துக்கு ஒரே வழி போன்தான். 911 இல்லை, போலீஸின் அவசரமில்லாத எண். "இந்தப் பெயரில், இந்தப் பிறந்த தேதியில் யாராவது உங்கள் காவலில் இருக்கிறார்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மரியாதையாகவே பதில் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகச் சந்தேகப்பட்டுப் பிடித்திருந்தால் இன்னும் தாமதம். ஊதிக் காட்ட மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாரன்ட் வாங்கி ரத்தம் எடுக்கக் கூட்டிப் போவார்கள். அதற்குப் பிறகுதான் கைரேகை, போட்டோ, உடம்பு பற்றிய கேள்விகள், பர்ஸ், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் எழுதி வாங்கி வைப்பது. இந்த மொத்தச் சடங்குக்கும் சேர்த்துத்தான் புக்கிங் என்று பெயர். முடியச் சில மணி நேரம் ஆகும். முடிந்த பிறகே பெயர் ஏறும். எனவே ஒரு தடவை தேடி "இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். அரை மணிக்கொரு தடவை திரும்பத் தேடுங்கள்.

டெக்சஸ் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 15.17 பிரிவுப்படி, கைதானவரைத் தேவையில்லாத தாமதமின்றி, அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். குற்றச்சாட்டு என்ன, ஜாமீன் தொகை எவ்வளவு என்பது அங்கேதான் தெரிய வரும். ஜாமீன் தொகை பதிவில் காலியாக இருந்தால், பெரும்பாலும் அவர் இன்னும் மாஜிஸ்திரேட் முன்னால் போகவில்லை என்றே அர்த்தம்.

படி 3: தமிழ்ப் பெயரை அமெரிக்கக் கட்டத்தில் தேடுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

தேடல் பக்கத்தில் இரண்டு கட்டம் இருக்கும்: கடைசிப் பெயர், முதல் பெயர். நமக்கோ குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரை இனிஷியலாக வைத்திருப்போம். பாஸ்போர்ட் எடுக்கும்போது சிலர் அந்த இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டார்கள், சிலர் தங்கள் பெயரையே போட்டார்கள், சிலர் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் என்ன நடக்கும் தெரியுமா? அவருடைய பெயர் முழுவதும் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் கட்டத்தில் "எஃப் என் யு" என்ற மூன்று எழுத்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. டிரைவிங் லைசன்ஸ் அதைப் பார்த்து எழுதும். ஜெயில் அந்த லைசன்ஸைப் பார்த்து எழுதும்.

என் நண்பர் விஷயத்தில் நடந்தது இதுவேதான். பதினைந்து வருடமாக நாங்கள் கூப்பிடும் பெயரை முதல் பெயராகவும், அவர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகவும் அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அவர் மனைவி லைசன்ஸின் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பினார். அதில் இருந்தபடியே, கடைசிப் பெயர் கட்டத்தில் அவர் பெயரைப் போட்டு முதல் பெயரைக் காலியாக விட்டேன். டென்டன் பக்கத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

ஆகவே முதல் வேலை, அவருடைய லைசன்ஸையோ விசாவையோ தேடி எடுத்து அதில் உள்ளபடியே அடிப்பது. அது கையில் இல்லையென்றால் பெயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முழுப் பெயரை அடிக்காமல் முதல் மூன்று நான்கு எழுத்து மட்டும் அடியுங்கள். செந்தில்குமார் ஒரே சொல்லா இரண்டு சொல்லா என்ற குழப்பம் அதில் தீரும். நீளமான பெயரின் வாலை வெட்டிவிடும் கம்ப்யூட்டர்களும் உண்டு, அதற்கும் இதுவே மருந்து. ழகரம் இருக்கும் பெயரை இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள், கதிரில் வரும் தகரத்தை ஹெச் போட்டும் போடாமலும் எழுதிப் பாருங்கள். பிறந்த தேதியில் மாதம் முதலில் வரும். ஏப்ரல் 7 என்பதற்கு நம் பழக்கத்தில் 07/04 என்று அடித்தால் அது ஜூலை 4 ஆகிவிடும். இன்னொன்று, நம் பெரியவர்கள் பலருக்குச் சர்டிபிகேட் பிறந்த தேதி வேறு, உண்மையான தேதி வேறு. பதிவில் இருப்பது சர்டிபிகேட் தேதிதான்.

படி 4: கிடைத்த பதிவை வாசிப்பது

அந்த ஒற்றை வரியைத் தொட்டதும் திறந்த பக்கம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே புக்கிங் எண். ஜெயிலுக்குப் போன் செய்தாலும், ஜாமீன் கட்டப் போனாலும் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து பிடித்த துறை. அங்கே ஷெரிஃப் பெயர் இல்லாமல் ஊர் போலீஸ் பெயர் இருக்கும். விவர அறிக்கை வேண்டுமென்றால் அங்கேதான் கேட்க வேண்டும். அடுத்து குற்றச்சாட்டு, அதன் பக்கத்தில் இரண்டு எழுத்து. நண்பருக்கு "எம் பி" என்று இருந்தது.

அந்த இரண்டு எழுத்தைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். எம் என்றால் சிறு குற்ற வகை, எஃப் என்றால் பெருங்குற்ற வகை. எம் சி என்பது அடிமட்டம். 500 டாலர் வரை அபராதம், ஜெயில் தண்டனை கிடையாது. எம் பி என்றால் 180 நாள் வரை ஜெயிலும் 2,000 டாலர் வரை அபராதமும், எம் ஏ என்றால் ஒரு வருடமும் 4,000 டாலரும் உச்சவரம்பு. குடித்து ஓட்டியது முதல் தடவையென்றால் பொதுவாக எம் பி. ரத்த ஆல்கஹால் அளவு 0.15 அல்லது அதற்கு மேல் என்று காட்டினால் எம் ஏ. எஃப் என்று ஆரம்பித்தால் உடனே நல்ல லாயரைப் பிடியுங்கள், இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஜாமீன் கட்டத்தில் தொகையோடு வகையும் இருக்கும். ரொக்கமாக முழுத்தொகையும் கட்டலாம். ஒழுங்காகக் கோர்ட்டுக்கு வந்தால் வழக்கு முடிந்ததும் திரும்பி வரும். நமக்காக ஜாமீன் நிற்கும் பாண்டு நிறுவனத்தின் வழியாகக் கட்டினால் வழக்கமாகத் தொகையில் பத்தில் ஒரு பங்கு வாங்குவார்கள், அது திரும்பாது. சொந்த உறுதிமொழியில் விடுவது மூன்றாவது வகை. கடைசியாக "ஹோல்டு" என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள். இருந்தால் வேறு கவுன்டியோ குடியேற்றத் துறையோ ஆளைக் கேட்டிருக்கிறது. அதைக் கவனிக்காமல் ஜாமீன் கட்டிவிட்டு வாசலில் காத்திருந்தவர்கள் உண்டு. ஆள் வெளியே வரமாட்டார், வேறு இடத்துக்குப் போய்விடுவார். ஹோல்டு இருந்தால் பணம் கட்டும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த லாயரிடம் பேசியே ஆக வேண்டும்.

ஜெயிலிலிருந்து போன் வந்தால், "என்ன நடந்துச்சு, எவ்வளவு குடிச்சீங்க" என்று கேட்காதீர்கள். அந்த அழைப்புகள் பதிவாகின்றன. "சாப்பிட்டீங்களா, மாத்திரை வேணுமா, லாயர் வராரு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதே தேடல் இன்னொரு வகையிலும் உதவும். "உங்கள் மகன் விபத்து பண்ணி ஜெயிலில் இருக்கிறான், உடனே கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணை அனுப்புங்கள்" என்று பெற்றோரை மிரட்டும் மோசடிப் போன்கள் வருகின்றன. எந்த ஜெயிலும் கிஃப்ட் கார்டில் ஜாமீன் வாங்காது. போனை வைத்துவிட்டு இந்தப் பக்கத்தில் பெயரைத் தேடுங்கள், மகனுக்கும் நேரடியாகப் போன் செய்யுங்கள்.

படி 5: எங்கேயும் கிடைக்கவில்லை என்றால்

17 வயதுக்குக் கீழே என்றால் கிடைக்காது. சிறார் பதிவுகள் பொதுவில் வைக்கப்படுவதில்லை. பெற்றோருக்கு நேரடியாகத் தகவல் வரும். ஆனால் நம் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: டெக்சஸில் குற்றச் சட்டத்துக்கு 17 வயது நிரம்பியவர் பெரியவர். ஹைஸ்கூல் படிக்கும் பிள்ளையாக இருந்தாலும் பெரியவர்களுக்கான ஜெயில், பொதுவான பதிவு, போட்டோ எல்லாம் உண்டு. பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் பிள்ளைகளிடமே சொல்லி வைப்பது நல்லது.

மத்திய அரசு வழக்கென்றால் கவுன்டியில் தேடிப் பயனில்லை. மத்தியச் சிறைத்துறைக்குத் தனித் தேடல் இருக்கிறது, 1982 முதலான கைதிகள் அதில் உண்டு. மத்திய நீதிமன்ற வழக்குக் காகிதங்கள் பேசர் என்ற தளத்தில், பக்கத்துக்கு 10 சென்ட். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் அதையும் கேட்கமாட்டார்கள்.

குடியேற்றத் துறை பிடித்திருந்தால், குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸின் (ICE) ஆன்லைன் தேடல். குடியேற்றத் துறை தரும் ஒன்பது இலக்க 'ஏ' எண் தெரிந்தால் அதைப் போட்டுப் பிறந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்த எண் இருக்காது. அப்போது பெயரும் பிறந்த நாடும் போட வேண்டும், பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். மூன்றாம் படியில் சொன்ன பெயர்ச் சிக்கல் இங்கே இரட்டிப்பாகக் கடிக்கும்.

தூதரக உதவி பற்றி ஒரு வார்த்தை. 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் தன் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லிக் கேட்கலாம். மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் என்றால் அவர்கள் கேட்காவிட்டாலும் தெரிவித்தாக வேண்டும். இந்தியா, இலங்கை குடிமக்களுக்கு அப்படி இல்லை. அவராகக் கேட்டால்தான் உண்டு. வெளியிலிருந்து குடும்பமும் தூதரகத்தை நேரடியாக அழைக்கலாம்.

படி 6: போட்டோ

இப்போது மக்‌ஷாட். சில கவுன்டிகள் ஜெயில் பக்கத்திலேயே போட்டோவைப் போடுகின்றன, சில போடுவதில்லை. பக்கத்தில் இல்லையென்றால் எழுதிக் கேட்க வேண்டும். டெக்சஸ் பொதுத் தகவல் சட்டம் 1973இல் வந்தது, அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 552ஆம் அத்தியாயம். விசாரணை நடக்கிறது என்று போலீஸ் பல காகிதங்களை மறைக்கலாம், ஆனால் 552.108 பிரிவின் சி உட்பிரிவு, கைதைப் பற்றிய அடிப்படைத் தகவலை மறைக்கக் கூடாது என்கிறது. அடிப்படைத் தகவல் எது என்பதை ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை ஹூஸ்டன் நகரத்துக்கு எதிராகப் போட்ட வழக்கின் 1975 தீர்ப்பு வரையறுத்தது: கைதானவர் பெயர், வயது, கைதான இடம், நேரம், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை போன்றவை. போட்டோ அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் பெயர் உடனே கிடைக்கிறது, போட்டோ சில நேரம் இழுக்கிறது.

கேட்கும் கடிதம் நாலு வரி போதும். யாருடைய பதிவு, பிறந்த தேதி, கைதான நாள், தெரிந்தால் புக்கிங் எண். பிறகு "552.108 சி பிரிவின்படி அடிப்படைத் தகவலும், புக்கிங் போட்டோவின் நகலும் வேண்டும்" என்ற ஒரு வரி. ஏன் வேண்டும் என்று எழுதத் தேவையில்லை. காரணம் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. போட்டோ ஜெயிலில் எடுத்ததென்றால் கடிதம் ஷெரிஃப் அலுவலகத்துக்கு, ஊர் லாக்கப்பில் எடுத்ததென்றால் போலீஸ் துறைக்கு. சட்டம் "தாமதமின்றி" என்கிறது. தர விருப்பமில்லையென்றால் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் அவர்கள் தீர்ப்புக் கேட்க வேண்டும். அவர் முடிவு சொல்ல 45 வேலை நாள். சாதாரணக் காகித நகல் பக்கத்துக்கு 10 சென்ட். செலவு 40 டாலரைத் தாண்டுமென்றால் முன்கூட்டியே கணக்கு எழுதித் தருவார்கள்.

இந்தச் சட்டம் நீதிமன்றங்களுக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோர்ட் காகிதங்களுக்குக் கதவு வேறு, கிளார்க் அலுவலகம். வாரன்ட்டோடு பிடித்திருந்தால், வாரன்ட்டும் அதற்காகப் போலீஸ் கொடுத்த பிரமாணப் பத்திரமும் அது நிறைவேற்றப்பட்ட பிறகு பொதுத் தகவல்தான். என்ன நடந்ததாகப் போலீஸ் சொல்கிறது என்பது முழுதாக இருக்கும் காகிதம் அதுதான். போட்டோவைவிட அதுவே உபயோகமானது.

மற்ற மாநிலங்களில் போட்டோ விதி வேறு. கலிபோர்னியாவில் 2021 சட்டப்படி, வன்முறையில்லாத குற்றத்தில் கைதானவர் படத்தைப் போலீஸ் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. யூட்டாவில் அதே வருடச் சட்டம் பொதுவாகத் தண்டனைக்கு முன் படத்தை வெளியிடத் தடை போட்டது. மத்திய அரசு வழக்குகளில் கைதானவரின் படத்துக்கு அந்தரங்க உரிமை உண்டு என்று 2016இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அந்தப் படம் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு டெக்சஸிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1997இல் லாகோ விஸ்டா என்ற சின்ன ஊரில், பிள்ளைகளோடு வண்டி ஓட்டி வந்த ஒரு தாயை சீட் பெல்ட் போடவில்லை என்று கைது செய்தார்கள். அதற்கு அதிகபட்ச அபராதமே 50 டாலர். கைவிலங்கு, மக்‌ஷாட், ஒரு மணி நேரம் தனிச் சிறை, 310 டாலர் ஜாமீன். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2001இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், அந்தக் கைது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று தீர்ப்பு வந்தது. அந்த அம்மாவின் படத்தை மட்டும் பார்த்தவருக்குச் சீட் பெல்ட் என்று தெரியுமா?

பணம் கேட்கும் மக்‌ஷாட் தளங்கள்

ஜெயில் பக்கங்களிலிருந்து படங்களை மொத்தமாக உருவி எடுத்துப் போட்டு, எடுக்க வேண்டுமென்றால் பணம் கட்டு என்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 2013இல் கூகுள் அவற்றைத் தேடலில் கீழே தள்ளியது. பணப் பரிமாற்ற நிறுவனங்கள் சிலவும் விலகின. அதே வருடம் டெக்சஸ் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது, வணிகச் சட்டத் தொகுப்பின் 109ஆம் அத்தியாயம். 2018இல் கலிபோர்னியா, இப்படி ஒரு பெரிய தளத்தை நடத்தியவர்கள் மேல் மிரட்டிப் பணம் பறித்ததாகக் குற்றம் சாட்டியது. ஆனாலும் தளங்கள் ஒழியவில்லை. ஒரு தளத்துக்குப் பணம் கட்டி எடுத்தாலும் இன்னொரு தளத்தில் அதே படம் இருக்கும். தயவுசெய்து கட்டாதீர்கள். அந்தத் தளங்களில் தேடவும் தேடாதீர்கள். வழக்கு தள்ளுபடியானது அவற்றில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

படி 7: வழக்கின் முடிவு வரை போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதானால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கைதுப் பதிவு பாதிதான் எழுதிய வாக்கியம். மீதி கோர்ட்டில் இருக்கிறது.

எம் சி வகை வழக்குகள் ஊர் முனிசிபல் கோர்ட்டிலோ அமைதி நீதிபதி கோர்ட்டிலோ நடக்கும். எம் ஏ, எம் பி என்றால் கவுன்டி கோர்ட். எஃப் என்றால் மாவட்ட கோர்ட். அதே கவுன்டி தேடல் பக்கத்தில் ஜெயில் பிரிவை விட்டுக் குற்ற வழக்குப் பிரிவுக்குப் போங்கள், அதே பெயரும் பிறந்த தேதியும். கைதான சில வாரத்துக்கு வழக்கு எண் இருக்காது. அரசு வழக்கறிஞர் வழக்கைப் பதிவு செய்தால்தான் வரும், சில சமயம் செய்யாமலே விட்டுவிடுவார். வழக்கு எண் வந்தபின், வழக்கின் முடிவைச் சொல்லும் "டிஸ்பொசிஷன்" என்ற கட்டத்தைப் பாருங்கள். வழக்கு முடிந்திருந்தால் தள்ளுபடி, விடுதலை, தண்டனை, ஒத்திவைத்த தீர்ப்பு (நிபந்தனைகளை ஒழுங்காக முடித்தால் தண்டனை எழுதாமல் விடுவது), பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று இருக்கும். மாநிலம் முழுக்கத் தண்டனைகளைத் தேட டெக்சஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளம் இருக்கிறது, சில டாலர் கட்டணம்.

மாப்பிள்ளை விசாரிப்பதற்காக இதைப் படிப்பவர்கள் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் எனக்கே போன் வந்திருக்கிறது: "தம்பி, பையன் அங்கதான் இருக்கான், கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்." பெண்ணைக் கண் காணாத தூரத்துக்கு அனுப்புகிறவர்கள் கேட்பது நியாயம். நான் அவர்களிடம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். படத்தைத் தேடாதீர்கள், கோர்ட் முடிவைத் தேடுங்கள். கார்த்திக் என்ற பெயரில் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? பிறந்த தேதி ஒத்துப்போகாத பதிவை அவர் தலையில் கட்டாதீர்கள். எதாவது கிடைத்தால் ஊருக்கு அனுப்பும் முன் அந்தப் பையனிடமே கேளுங்கள். குடும்ப வன்முறை வழக்கு என்று கோர்ட் முடிவில் இருந்தால் கூச்சப்படாமல் பெண்ணிடம் நேராகச் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கவோ வீடு வாடகைக்கு விடவோ இப்படி நீங்களே தேடிய துண்டுகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வெளி நிறுவனத்திடம் பின்னணி அறிக்கை வாங்கினால் 1970ஆம் வருடத்து மத்தியச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கென்றால் அவரிடம் அனுமதி வாங்கி, மறுக்கும் முன் அறிக்கையைக் காட்ட வேண்டும்.

தன்னை அடித்தவர் ஜெயிலில் இருக்கிறாரா, எப்போது வெளியே வருகிறார் என்று தெரிய வேண்டிய பெண்கள் தினமும் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. 1993இல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் 21 வயதுப் பெண் ஒருத்தி, தன்னைத் தாக்கியவன் ஜாமீனில் வந்தது தெரியாமலேயே அவன் கையால் இறந்தாள். அதற்குப் பிறகு வந்ததுதான் வைன் என்ற தானியங்கி அறிவிப்பு. உங்கள் கவுன்டியில் அது இருக்கிறதா என்று ஷெரிஃப் அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொண்டால், விடுதலையானதும் போனுக்குத் தகவல் வரும்.

படி 8: உங்கள் பெயரே பதிவில் இருந்தால்

தள்ளுபடியான, பதிவே செய்யாத வழக்கின் கைதுப் பதிவை அழிக்க டெக்சஸில் வழி உண்டு. 2025 ஜனவரி முதல் அது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 55ஏ அத்தியாயம். வழக்கே பதிவாகாவிட்டால் எம் சிக்கு 180 நாள், எம் ஏ, எம் பிக்கு ஒரு வருடம், பெருங்குற்றத்துக்கு மூன்று வருடம் காத்திருந்து மனு போடலாம். ஒத்திவைத்த தீர்ப்பு வாங்கியவர்களில் தகுதியுள்ளவர்களுக்குப் பதிவை மறைக்கும் உத்தரவு தனியாக இருக்கிறது.

விசாவில் இருப்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். டெக்சஸ் "தண்டனை இல்லை" என்று சொல்லும் ஒத்திவைத்த தீர்ப்பைக் குடியேற்றச் சட்டம் பெரும்பாலும் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். லாயர் "நல்ல டீல்" என்று சொன்னால், குடியேற்ற லாயரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடித்து ஓட்டியதாகக் கைதானால், தண்டனை வரும் முன்பே விசாவை ரத்து செய்யும் அதிகாரத்தை வெளியுறவுத் துறை 2015 முதல் பயன்படுத்தி வருகிறது. அடுத்த தடவை விசா படிவம் நிரப்பும்போது, "எப்போதாவது கைதானதுண்டா" என்று கேட்பார்கள். அழித்த பதிவையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிட்டு, முடிவு என்ன என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். அழித்த பிறகு அந்தச் சான்றைக் கேட்டால் கோர்ட்டில் எதுவும் இருக்காது.

நண்பர் வழக்கு பதினான்கு மாதம் கழித்துத் தள்ளுபடியானது. அழிக்கும் மனுவில் கையெழுத்துப் போடும் முன், அவரும் நானும் டென்டனில் கிளார்க் அலுவலகத்துக்குப் போனோம். வழக்கு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கவுன்ட்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "உங்கள் முதல் பெயர் இதுதானா?" என்று அந்த மூன்று எழுத்தைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றார் நண்பர். தள்ளுபடி உத்தரவில் மூன்று நகல், ஒவ்வொன்றிலும் அமுக்கிப் பதித்த முத்திரை. ஒன்று லாயருக்கு, ஒன்று பாஸ்போர்ட் உறைக்குள். மூன்றாவதை அவர் மனைவி வாங்கி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் ஃபைலில் வைத்தார்.